நாற்பது நிமிடம்

குளம்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் மேலே.
என் விரல் மெலிசு, ஒன்றேகால் என்று வைத்துக்கொள்வேன்.
நட்ட நடுவில் ஒரு பள்ளம்.
கண்ணுக்கு அகப்படாது,
கட்டைவிரல் நகத்துக்கு அகப்படும்.

அந்தியூர்ச் சந்தைப் புழுதியில் ஊசி போடமாட்டேன் என்றேன்.
பொங்கியண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை.
'மச்சினன் குடோன் இருக்குதுங்க,
சிமிட்டித் தரை, கழுவி உட்டாச்சு.'
மஞ்சள் குடோன்.
கழுவிய தரைக்கு மேலே காற்று கழுவப்படாமல் நின்றது.

செவலை. ஏழு வயது. இடது முன்கால்.
வட்டத்தில் ஓட்டினால் தலையை ஆட்டும்:
வலிக்கும் கால் ஊன்றும்போது மேலே,
நல்ல கால் ஊன்றும்போது கீழே.
'எதைக் கேட்டாலும் ஆமாங்குது' என்று
அவர் பையன் சிரித்தான்.

மயிரை மழித்தேன், ஒரு தீப்பெட்டி அகலத்துக்கு.
சோப்பு, தண்ணீர். சோப்பு, தண்ணீர்.
கடிகாரம் பார்த்து ஐந்து நிமிடம்.
ஆறாவதில்தான் பஞ்சு வெள்ளையாகவே திரும்பி வந்தது.
கையுறை மாட்டிய பிறகு மூக்கு அரித்தது,
அரிக்கட்டும்.

மேலுதட்டுக் கயிற்றை முறுக்கிப் பிடித்தவர் சாதிக் பாய்.
வலது காலை மடக்கித் தூக்கியவன் பையன்.
மூன்று காலில் நானூறு கிலோ,
அதன் முன்னால் குந்தியிருக்கும் ஐம்பத்திரண்டு கிலோ.

ஊசிக்குக் கொஞ்சம் எதிர்ப்பு இருக்கும்.
பிறகு சட்டென்று எதிர்ப்பே இராது.
அந்த இல்லாமையைக் கண்டுபிடிக்கத்தான்
நாமக்கல்லில் ஐந்து வருடம் படித்தேன்.

ஊசி வாயில் ஒரு சொட்டு திரண்டது, வெளிர்மஞ்சள்.
இரு விரல் நடுவே வைத்துப் பிரித்தால்
விளக்கெண்ணெய்போல் நூல் விட வேண்டும்.
விடவில்லை.
தண்ணீராய் அறுந்தது.

மரப்பு மருந்து மட்டும், ஐந்து மில்லி.
'இது வைத்தியம் இல்லைங்க, கேள்வி' என்றேன்.
'நொண்டாமல் நடந்தால் வலி இந்த மூட்டில்தான்.
மருந்து அடுத்த வாரம், லாடம் மாற்றணும்,
மூணு மாசம் வண்டியில் பூட்டக் கூடாது.'
தலையாட்டினார்.
இந்த முறை குதிரை ஆட்டவில்லை.

பத்தாவது நிமிடம் செவலை நடந்த நடை!
சாதிக் பாய் கயிற்றையே விட்டுவிட்டார்.
பொங்கியண்ணன் பார்த்த பார்வையில்
சந்தோசம் இருந்தது.
வேறொன்றும் இருந்தது, எனக்கு அப்போது பெயர் தெரியவில்லை.
'இப்படியே எவ்வளவு நேரமுங்க இருக்கும்?'
போகிற போக்கில்தான் கேட்டார்.
நாற்பது நிமிடத்துக்குக் குறையாது என்று
நானே சொன்னேன்.
'டீ குடிச்சுப்போட்டு வந்தர்றமுங்க.'

எனக்கும் ஒரு டீ அனுப்பியிருந்தார்.
அது ஆடை கட்டும்வரை
ஊசி மூடிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

பதினோராம் நாள் ஊதியூரிலிருந்து போன்.
கருணைவேல் என்றது குரல்.
சந்தையில் வாங்கியதாம்,
வண்டியேறும்போது சிட்டாட்டம் இருந்ததாம்,
ஊட்டில் இறக்கியதும் நொண்டல்.
'வழியில இடிச்சுக்கிச்சுன்னு நெனச்சமுங்க.
என்றெ கொழுந்தியா நல்லெண்ணெய் போட்டுக்கூட நீவுனா.'

ஓலைக் கொட்டகை. வேப்ப நிழல்.
செவலை என்னை முகர்ந்துவிட்டு
முகத்தைத் திருப்பிக்கொண்டது.
எத்தனைக்கு என்று நான் கேட்கவில்லை.
அவராகவே சொன்னார்: தொண்ணூறு,
அதில் நாற்பது கடன்.

குனிந்து காலைப் பிடித்தேன்.
குளம்புக்கு மேலே ஒரு தீப்பெட்டி அகலத்துக்கு
புது மயிர் முளைத்திருந்தது,
மற்றதைவிட ஒரு சாயல் கருத்து, குட்டையாக.

'யாரோ இங்க செரைச்சிருக்காங்க டாக்டரம்மா,
எதுக்குங்க அது?'

சோப்பு டப்பாவைத் திறந்தேன். மூடினேன்.
நான்தான் என்றேன்.

அவர் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார்.
அந்தச் சத்தத்துக்குச் செவலை
ஒரு காதை மட்டும் திருப்பியது.